பழைய இட்லிப்பூச் செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடலாமா? சேலம் வெயிலுக்குப் பிழைக்குமா?

கன்னங்குறிச்சி மலர் | ஜூன் 28

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், மூக்கனேரிப் பக்கம். வாசலில் ஒரு பழைய சிவப்பு இட்லிப்பூச் செடி நிற்கிறது. என் மாமியார் வைத்தது. ஆறடி உயரம் இருக்கும். அடியிலிருந்தே நான்கு தண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு அங்குலத் தடிமன். பூவில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது, இலையும் எப்போதும் பச்சைதான்.

தீபாவளி முடிந்ததும் காம்பவுண்டு சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டப் போகிறோம். அஸ்திவாரம் சரியாகச் செடி நிற்கும் இடத்தில் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் இடம் உண்டு. காலை வெயில் நன்றாக விழும், மதியத்துக்கு மேல் மாமர நிழல். மேஸ்திரி, "ஜேசிபி வரும்போது அப்படியே கிள்ளிப் பின்னால் வைத்துவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய செடியை மாற்றி நட்டு யாராவது பிழைக்க வைத்திருக்கிறீர்களா? எப்போது எடுப்பது, எவ்வளவு மண்ணோடு எடுப்பது, கிளையை வெட்ட வேண்டுமா? விவரமாகச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் பேர்லேண்ட்ஸ் | ஜூன் 28

அக்கா, நேராகவே சொல்கிறேன். அந்த வயசுச் செடியை எடுத்து நடுவது கஷ்டம். நர்சரியில் இரண்டடி, மூன்றடிச் செடி சுலபமாகக் கிடைக்கும். நல்ல மண்ணில் வைத்தால் சீக்கிரமே பூத்துவிடும்.

மாமியார் வைத்த செடிதான் வேண்டும் என்றால் இப்போதே குச்சி வெட்டி வையுங்கள். ரொம்ப முற்றாத, ரொம்பப் பச்சையாகவும் இல்லாத கிளையில் ஒரு சாண் நீளம். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்கி, ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த தொட்டியில் குத்தி நிழலில் வையுங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதில் வருவது அதே செடிதான், வேறு செடி இல்லை. தாய்ச்செடிக்கு ஏதாவது ஆனாலும் கையில் வாரிசு இருக்கும்.

அடிவாரத் தோட்டம் | ஜூன் 29

குச்சி வைக்கச் சொன்ன யோசனையை அப்படியே வழிமொழிகிறேன். மழைக்காலத்தில் விண்பதியமும் கட்டலாம், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே பட்டை சீவி ஈரப்பொதி கட்டி வேர்விட வைப்பது. ஆனால் பெரிய செடியைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குத் தீபாவளி வரைக்கும் நாள் இருக்கிறது. அதுதான் இங்கே பெரிய பலம். நாளையே எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இலை உதிர்க்கும் மரங்களுக்கு ஓய்வு என்று ஒரு காலம் உண்டு. அப்போது எடுத்து நட்டால் மேலே தண்ணீர் கேட்பதற்கு இலை இருக்காது. இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி மாதிரி எப்போதும் பச்சையாக நிற்கும் செடிகளுக்கு அந்த ஓய்வு கிடையாது. வருஷம் முழுக்க இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். நாம் தோண்டி எடுக்கும்போது வேரில் பெரும்பகுதி வெளியிலேயே அறுந்து நின்றுவிடும். அதுவும் எது நிற்கிறது? தண்டுப் பக்கம் இருக்கும் தடித்த வேர் செடியைத் தாங்கும், சேமித்து வைக்கும். தண்ணீர் உறிஞ்சுவது நுனியில் இருக்கும் சல்லிவேர். அது இலை விரிந்திருக்கும் அகலத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். ஜேசிபி கிள்ளினால் தடித்த வேர் மட்டும் வரும், சல்லிவேர் முழுக்கப் போய்விடும். மேலே இலை அவ்வளவும் அப்படியே இருக்கும். நட்ட செடி பத்து நாளில் கருகுவது இதனால்தான். "ராசியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகவே எடுக்கும் முன்னாலேயே சல்லிவேரைத் தண்டுக்குப் பக்கத்தில் வரவழைக்க வேண்டும். இப்படிச் செய்யுங்கள்.

இன்றைக்கும் நாளைக்கும் செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஜூலை முதல் வாரத்தில், தண்டுக்கொத்தின் வெளி ஓரத்திலிருந்து முக்கால் அடி தள்ளிச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். குறுக்கே அளந்தால் இரண்டடி வரும். அந்த வட்டத்தில் பாதியை மட்டும், அதாவது அரைவட்டமாக, வெளிப்பக்கம் அரை அடி அகலத்துக்கு, ஒன்றேகால் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். குறுக்கே வரும் வேரைக் கடப்பாரையால் இடித்துப் பிய்க்காதீர்கள். கவாத்துக் கத்திரியோ சின்ன ரம்பமோ வைத்து நேராக அறுக்க வேண்டும். பிய்ந்த வேர் அழுகும், அறுத்த வேர் துளிர்க்கும். அப்புறம் அந்தப் பள்ளத்தைச் சலித்த செம்மண், மக்கிய தொழு உரம், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு கலந்து மூடித் தண்ணீர் விடுங்கள்.

மீதிப் பாதியை ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் நடுவில் அதே மாதிரி செய்யுங்கள். அதற்குள் முதல் பாதியில் புதுவேர் வந்து செடியைத் தாங்கும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுத்தால் நின்ற இடத்திலேயே வாடிவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் எடுக்கலாம். எடுக்கும்போது மறக்கக் கூடாத விஷயம், முன்பு அறுத்த வட்டத்துக்கு வெளியே, புதுமண் போட்ட இடத்தையும் சேர்த்துத் தோண்ட வேண்டும். புதுச் சல்லிவேர் அந்த மண்ணில்தான் இருக்கும். பழைய வட்டத்திலேயே மறுபடி வெட்டினால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண்.

ஏற்காடு எஸ்டேட்காரன் | ஜூன் 30

அண்ணா, வேர் அறுப்பதெல்லாம் சரி. ஆனால் அக்டோபர் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நாங்கள் மலையில் ஆனி, ஆடிச் சாரலில்தான் காப்பி நாற்று வைக்கிறோம். காப்பியும் எப்போதும் பச்சையாக நிற்கும் செடிதானே. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து முன்கூட்டியே ஆறப் போட்டுவிடுவோம். மழை பிடித்ததும் நாற்றை இறக்கினால், மேலே சில்வர் ஓக் நிழல், சுற்றிலும் மூடுபனி, வாடுவதற்கு வழியே இல்லை. வீட்டுப் பக்கம் நின்ற பெரிய செடிகளைக்கூட அந்தச் சமயத்தில் மாற்றி வைத்திருக்கிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்?

அடிவாரத் தோட்டம் | ஜூன் 30

தம்பி, உங்கள் ஊருக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் டவுன் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு பருவம். ஆடியில் உங்களுக்குச் சாரல், எங்களுக்குக் காற்றுதான் அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பழமொழி எங்கள் பக்கத்துக்குத்தான் பொருந்தும். மேகம் மூடியிருக்கும், வெயில் குறைவாகத் தெரியும், செடிக்கு நல்ல நேரம் என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்று இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிற வேகத்துக்கு, வேர் அறுந்த செடி ஈடு கொடுக்க முடியாது. வெயிலை வலை கட்டித் தடுக்கலாம். ஆடிக்காற்றைத் தடுக்க நாலு பக்கமும் சாக்குப் படல் கட்ட வேண்டும்.

விதைக்கு ஆடி சரி. விதைக்கு இலை இல்லை. ஆறடிச் செடிக்கு ஐப்பசியை ஒட்டித்தான் சரி. புரட்டாசியிலும் அவசரப்படக் கூடாது. பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்கிற மாசம் அது. புரட்டாசி பிற்பகுதியில், சாயங்கால மழை தொடர்ந்து நாலைந்து நாள் பிடித்ததும் எடுத்துவிடலாம். பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வரும். காற்றிலும் ஈரம் இருக்கும், மண்ணிலும் சூடு இருக்கும். வேர் ஓடுவதற்கு அந்த மண்சூடு வேண்டும். பனி விழும் மார்கழிக்கு முன்னால் இரண்டு மாதம் செடிக்குக் கிடைக்கும்.

மண்வாசம் ஓமலூர் | ஜூலை 1

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நேரத்தைப் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சேலத்துக்காரர்கள் அதைத்தான் கவனிப்பதில்லை.

இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், அதாவது கார அமில நிலை 7-க்குக் கீழே. மலைமேல் மண் இயல்பாகவே அப்படி. கீழே சுண்ணாம்புக்கரடு பக்கம், மாமாங்கம், கருப்பூர் வட்டாரத்தில் மாக்னசைட் வெள்ளையாகப் பூமிக்கு வெளியிலேயே தெரியும். அது மக்னீசியம் கார்பனேட். அந்த வட்டாரத்து மண்ணும் ஆழ்துளைக் கிணற்று நீரும் காரமாக இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து இன்னும் அதே உப்புத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். செடி இன்னும் வெளுக்கிறது.

கன்னங்குறிச்சி மலையடிவாரம். அங்கே செம்மண் பாங்கு அதிகம், கவலை குறைவு. ஆனாலும் அம்மா, கிணற்றடியில் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் தேங்கிய இடமா என்று பாருங்கள். அல்லது பழைய கட்டட இடிபாடு, சுண்ணாம்புக் காரை புதைந்த இடமா? ஓரடி தோண்டி ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். அந்த இடம் வேண்டாம்.

புதுக் குழியும் இப்போதே தோண்டத் தேவையில்லை. செடியை எடுக்கும் சமயத்தில் வேர்மண் கட்டியின் உயரத்தை அளந்து அதே ஆழத்துக்குத்தான் குழி. அகலம் மட்டும் இரண்டு மூன்று பங்கு. ஆழமாகத் தோண்டி அடியில் எரு போட்டு நிரப்பினால், எரு மக்க மக்கச் செடி கீழே இறங்கும், தண்டுக்கழுத்து மண்ணுக்குள் புதையும். அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பம்.

ஆத்தூர் நந்தியாவட்டை | ஜூலை 2

எங்கள் வீட்டில் அடுக்கு நந்தியாவட்டையைப் போன வருஷம் மாற்றினோம், நன்றாக இருக்கிறது. எங்கள் அப்பா எடுப்பதற்கு முன்னால் முக்கால்வாசிக் கிளையை வெட்டிவிட்டார். மொட்டையாக இரண்டடிதான் நின்றது. வேர் போனால் இலையும் போகணும், அப்போதுதான் கணக்கு நேராகும் என்பார். அக்காவும் அப்படியே செய்யலாம்.

அடிவாரத் தோட்டம் | ஜூலை 2

உங்கள் செடி நன்றாகப் பிழைத்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் இந்தச் செடிக்கு முக்கால்வாசி வேண்டாம் என்பது என் கருத்து.

இலை தண்ணீரைச் செலவழிக்கிறது, உண்மை. அதே இலைதான் புதுவேருக்குச் சாப்பாடும் தயாரிக்கிறது. கிளை நுனியில் இருக்கும் கொழுந்திலிருந்து இறங்கும் ஊக்கிதான் வேரை ஓடச் சொல்கிறது. நுனி எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் செடி சேமித்து வைத்ததை எல்லாம் புதுக் கொழுந்து விடுவதற்கே செலவு செய்யும். மேலே பச்சைப் பசேல் என்று துளிர் வரும், பார்ப்பவர்களுக்குத் தெம்பாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. தையில் வெயில் ஏறும்போது தெரியும். நந்தியாவட்டை பால் உள்ள செடி, குச்சியிலிருந்தே வேர் விடும் முரட்டுச் செடி, அது தாங்கிவிட்டது.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கும் மெலிந்த கிளை, காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இதையெல்லாம் அடியோடு எடுங்கள். மிச்சக் கிளைகளில் பழைய பெரிய இலைகளில் பாதியைக் கிள்ளிவிடுங்கள். நுனிக் கொழுந்து இருக்கட்டும். பூ, மொட்டு ஒன்றுகூட விடக் கூடாது. மனசு கஷ்டப்படும், ஆனாலும் கிள்ளுங்கள்.

மண்வாசம் ஓமலூர் | ஜூலை 3

இரண்டு பேர் சொல்வதும் அதனதன் இடத்தில் சரி. வேரை முன்கூட்டியே அறுத்துத் தயார் செய்த செடிக்கு மூன்றில் ஒன்று போதும். சாலை விரிவாக்கத்துக்கு நாளைக்கே எடுத்தாக வேண்டும், தயார் செய்ய நேரமே இல்லை என்றால் பாதிக்கு மேல்கூட வெட்ட வேண்டி வரும். அங்கே உயிர் தப்புவதுதான் முக்கியம், வடிவம் அப்புறம்.

ஏற்காடு எஸ்டேட்காரன் | ஜூலை 3

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் எஸ்டேட்டின் பழைய பங்களாவில் கமீலியா இரண்டு நிற்கிறது, இடுப்பளவு உயரம். தண்ணீர்த் தொட்டி கட்ட ஒன்றை மாற்ற வேண்டும். இதே முறைதானா?

அடிவாரத் தோட்டம் | ஜூலை 3

முறை இதேதான், உங்களுக்கு இன்னும் சுலபம். கமீலியா தேயிலையின் சொந்தக்காரச் செடி, உங்கள் மலை மண்ணின் புளிப்பு அதற்குப் பிடித்தது. வேர் மேலாக, நெருக்கமாகப் பரவும். ஆகவே கட்டி ஆழம் குறைவாக, அகலம் அதிகமாக எடுங்கள். நடும்போது பழைய மட்டத்துக்கு ஒரு விரல் மேலேயே நிற்கட்டும். புதைத்து நட்டால் கமீலியா வருஷக்கணக்கில் வளராமல் நின்று மெதுவாகச் சாகும். சாரலும் மூடுபனியும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சில்வர் ஓக் சருகை மேலே பரப்பிவிட்டால் போதும்.

இதைப் படிக்கும் சேலத்து நண்பர்களுக்கு: மே மாதம் ஏற்காடு அண்ணா பூங்கா மலர்க்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கமீலியா, அசேலியா தொட்டிகளை ஆசையாகக் கீழே கொண்டு வராதீர்கள். கோடை உச்சியில், ஒரே மணி நேரத்தில் 1200 மீட்டர் இறக்கம். அதற்கு மேல் நம்முடைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அந்தச் செடிகள் அங்கேயே இருக்கட்டும்.

கன்னங்குறிச்சி மலர் | ஜூலை 7

எல்லோருக்கும் நன்றி. வினிகர் விட்டுப் பார்த்தேன், கிணற்றடியில் துவைகல்லை ஒட்டி நுரைத்தது. மாமரத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் நுரையே இல்லை. இடத்தை அங்கே மாற்றிவிட்டோம். குச்சியும் வைத்திருக்கிறேன்.

நேற்று முதல் அரைவட்டம் எடுத்தோம். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் தோண்ட, நான் கத்திரியோடு உட்கார்ந்தேன். எழுதுகோல் தடிமனில் வேர்கள் நிறைய, சுவர்ப் பக்கம் கட்டைவிரல் தடிமனில் ஒன்று. அதை ரம்பத்தால் அறுத்தோம். ஒன்றேகால் அடிக்குக் கீழே சுக்காம்பாறை வந்துவிட்டது, அங்கே வேரே இல்லை. இலை எதுவும் வாடவில்லை. சுவர்ப் பக்கம் தோண்டும்போது சில கரையான்கள் தெரிந்தன. ஏதாவது போட வேண்டுமா?

மண்வாசம் ஓமலூர் | ஜூலை 7

பாறை வந்தது நல்லதுக்குத்தான், எடுக்கும்போது கட்டியின் அடி சுலபமாக விட்டு வரும். கரையான் காய்ந்த வேரைத் தேடி வரும். அறுத்துப் போட்ட வேர்த்துண்டுகளை மண்ணுக்குள்ளேயே விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பள்ளத்து மண்ணில் இரண்டு கை வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்துவிட்டால் போதும். அதற்கு மேல் மருந்து வேண்டாம். யூரியா, டிஏபி எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். அறுத்த வேர் வாயில் உப்பு பட்டால் கருகும்.

கன்னங்குறிச்சி மலர் | ஆகஸ்ட் 17

இரண்டாவது அரைவட்டம் முடிந்தது. முதல் பக்கத்தை ஒரு மூலையில் மட்டும் விரலால் கிளறிப் பார்த்தேன். அறுத்த இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக, நூல் மாதிரி சல்லிவேர் கொத்தாக வந்திருக்கிறது. நார்க்கழிவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடிவாரத் தோட்டம் | ஆகஸ்ட் 17

அருமை. அந்த வெள்ளை வேருக்காகத்தான் இத்தனையும். இனிமேல் கிளறாதீர்கள். காற்று அடங்கும் வரை தண்ணீர் விட மறக்காதீர்கள். எடுக்கும் வாரம் சொல்லுங்கள், தூக்கும் விதத்தை எழுதுகிறேன்.

கன்னங்குறிச்சி மலர் | அக்டோபர் 2

நான்கு நாளாகச் சாயங்காலம் நல்ல மழை. சனிக்கிழமை எடுக்கலாம் என்று இருக்கிறோம். கொழுந்தனார், "இரண்டு பேர் தண்டைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும்" என்கிறார்.

அடிவாரத் தோட்டம் | அக்டோபர் 2

தண்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது! மண்ணின் கனம் தாங்காமல் கட்டி நடுவில் உடையும். உடைந்தால் உள்ளே இருக்கும் வேர் எல்லாம் அறுந்துவிடும். நீங்கள் எடுக்கப்போகும் கட்டி மூன்றடி அகலம் வரும், ஈர மண்ணோடு 200 கிலோவுக்கு மேலேயே இருக்கும். ஐந்து பேராவது வேண்டும்.

முதலில் கிளைகளைக் கயிறால் தளர்வாகச் சுற்றி மேல்நோக்கிக் கட்டுங்கள். கிழக்குப் பக்கக் கிளையில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள், நடும்போது அதே திசை பார்க்கட்டும். முந்தைய நாள் மழை இல்லாவிட்டால் தண்ணீர் விடுங்கள். உலர்ந்த மண் உதிரும், சேறான மண் வழியும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதம் வேண்டும்.

புதுமண் போட்ட இடத்துக்கு வெளியே சுற்றித் தோண்டி, கட்டியைச் சட்டி வடிவத்தில் கீழே குறுகலாகச் செதுக்குங்கள். பக்கங்களில் நனைத்த கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிறால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் அடியை அறுக்க வேண்டும். ஒரு பக்கம் மண்ணைச் சரிவாக வெட்டிவிடுங்கள். கட்டியைக் கொஞ்சம் சாய்த்து அடியில் தார்ப்பாயைச் செருகி, மறுபக்கம் சாய்த்து உருவி எடுங்கள். பலகை போட்டுச் சரிவு வழியாக இழுத்தால் தூக்க வேண்டிய வேலையே இல்லை. தார்ப்பாயோடு பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம்.

வெயில் இறங்கியதும் ஆரம்பியுங்கள். குழி தயாராக இருக்கட்டும். குழியின் பக்கச் சுவர் வழவழப்பாக இருந்தால் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். கட்டியை இறக்கி மட்டம் பார்த்து, மேல்சாக்கை அவிழ்த்துவிட்டு, தோண்டிய மண்ணையே பாதி நிரப்பித் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் இறங்கும்போது மண்ணும் இறங்கி இடுக்கை அடைக்கும். காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டாம். அப்புறம் மீதி மண், மறுபடி தண்ணீர். இரண்டு பக்கம் முளை அடித்துச் செடி ஆடாமல் துணிக்கயிறால் கட்டுங்கள். செடி ஆடினால் புதுவேர் தினமும் அறுந்துகொண்டே இருக்கும். மேலே பச்சை வலை, ஐம்பது சதவீத நிழல் தருவது.

தண்ணீர் எங்கே விடுவது என்பதிலும் கவனம் தேவை. பாத்தி பெரிதாக எடுத்து அதன் ஓரத்தில் விட்டால் சுற்றுமண் நனையும், வேர்மண் கட்டி காய்ந்தே கிடக்கும். முதல் சில வாரம் வேர் முழுக்கக் கட்டிக்குள்தான் இருக்கிறது. ஆகவே கட்டியின் மேலேயே விடுங்கள். தினமும் விட வேண்டும் என்பதில்லை. ஒரு விரல் ஆழம் குத்திப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும்.

கன்னங்குறிச்சி மலர் | அக்டோபர் 13

சனிக்கிழமை நல்லபடியாக எடுத்து நட்டோம். கட்டி உடையவே இல்லை. தண்டைப் பிடிக்காமல் தார்ப்பாயில் இழுத்தோம், கொழுந்தனாரே பலகை கொண்டு வந்தார்.

ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. அடி இலைகள் மஞ்சளாகித் தினமும் ஒரு கை அளவு கொட்டுகிறது. மதியம் நுனி தொங்குகிறது. ஒரு கிளையில் மட்டும் இலை பழுப்பாகக் காய்ந்து உதிராமல் அப்படியே நிற்கிறது. தண்ணீரைக் கூட்டட்டுமா?

மண்வாசம் ஓமலூர் | அக்டோபர் 13

கூட்டாதீர்கள், முதலில் விரலால் குத்திப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் தண்ணீர் சேர்ப்பது வேரை மூச்சுத் திணற வைக்கும்.

பழைய இலை மஞ்சளாகி உதிர்வது நல்ல அறிகுறிதான். தன்னால் தாங்க முடியாத இலையைச் செடி தானே கழற்றி விடுகிறது. இலையைக் கழற்றுவதற்கும் உயிர் வேண்டும். மதியம் தொங்கி, காலையில் நிமிர்ந்து நின்றால் அதுவும் பயமில்லை. காலை ஆறு மணிக்குப் பாருங்கள்.

உதிராமல் காய்ந்து நிற்கும் கிளைதான் சந்தேகம். இலையைக் கழற்றக்கூட நேரம் இல்லாமல் அது செத்திருக்கலாம். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம் வரைக்கும் கீழே இறங்கி வெட்டி எடுங்கள்.

கன்னங்குறிச்சி மலர் | அக்டோபர் 14

காலையில் நிமிர்ந்துதான் நிற்கிறது ஐயா. அந்தக் கிளை மேலே பழுப்பு, ஒரு சாண் கீழே பச்சை. அங்கே வெட்டிவிட்டேன். மண்ணும் ஈரம்தான், இன்று தண்ணீர் விடவில்லை.

ஆத்தூர் நந்தியாவட்டை | அக்டோபர் 14

அக்கா, மதிய நேரத்தில் இலைமேல் மட்டும் பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டாம், இலையில் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் நல்லது.

கன்னங்குறிச்சி மலர் | நவம்பர் 23

மழை நன்றாகப் பிடித்தது. இலை கொட்டுவது நின்று வாரக்கணக்காகிறது. இன்று காலையில் பார்த்தால் நான்கு தண்டிலும் செம்பழுப்பு நிறத்தில் கொழுந்து! வெட்டிய கிளைக்குக் கீழேயும் இரண்டு துளிர். தொட்டியில் வைத்த குச்சிகளில் மூன்று பிழைத்திருக்கின்றன. ஒன்றை நாத்தனார் கேட்டிருக்கிறார்.

இனி உரம் வைக்கலாமா? வலையை எப்போது எடுப்பது? கொழுந்து இலை கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது, அது இயல்பா?

ஏற்காடு எஸ்டேட்காரன் | நவம்பர் 23

வாழ்த்துகள் அக்கா! எங்கள் கமீலியாவும் புது இடத்தில் மொட்டோடு நிற்கிறது. ஒரு விரல் மேலே வைத்தே நட்டோம்.

அடிவாரத் தோட்டம் | நவம்பர் 24

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. துளிர் வந்ததால் வேர் முழுதாகப் பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சேமிப்பிலிருந்தும் ஒரு முறை துளிர்க்கும். அந்தத் துளிர் இலையாக விரிந்து, கெட்டியாகி, அதற்கு மேல் அடுத்த கொழுந்து வந்தால்தான் வேர் வெளிமண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள். அது வரைக்கும் முளைக்குச்சியை எடுக்காதீர்கள், மொட்டு வந்தால் கிள்ளுங்கள்.

வலையை ஒரே நாளில் உருவ வேண்டாம். மேகம் மூடிய நாளில் கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீதியை எடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மறுபடி கட்ட வேண்டியிருக்கும், வலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் கோடை தாண்டும் வரை தண்ணீர்ப் பொறுப்பு உங்களுடையதுதான்.

சருகு மூடாக்கு நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டு.

மண்வாசம் ஓமலூர் | நவம்பர் 24

உரத்துக்கு அவசரம் இல்லை அம்மா. தை பிறந்ததும் மக்கிய தொழு உரம் ஒரு கூடை மேலாகப் போட்டால் போதும், கொத்திவிட வேண்டாம்.

கொழுந்து கொஞ்சம் வெளுப்பாக வருவது இயல்பு. விரிந்து முற்றிய பிறகும் நரம்பு பச்சை, மற்ற இடம் மஞ்சள் என்று நின்றால் இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டாவது முறை. சிமெண்ட் தரையிலோ துணியிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.

சுவர் வேலை ஆரம்பித்ததும் சிமெண்ட் கரைத்த தண்ணீர் பின்பக்கம் ஓடி வராமல் ஒரு வரப்பு எடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் மொத்தமும் சுண்ணாம்பு.

கன்னங்குறிச்சி மலர் | நவம்பர் 24

வரப்பை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்கிறேன் ஐயா. திங்கட்கிழமை சுவர் இடிக்க வருகிறார்கள்.